ரேம் பெட்டியில் 6000, கம்ப்யூட்டரில் 4800: மதர்போர்டு வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களில் பலர் ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பட்ஜெட்டை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் பணத்தில்தான் மதர்போர்டு வாங்குகிறார்கள். ரேம் பெட்டியில் 6000 என்று பெரிதாக அச்சடித்திருக்கும். வீட்டுக்கு வந்து விண்டோஸ் போட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 4800 என்று காட்டும். 'கடையில ஏமாத்திட்டாங்களோ?' என்று தோன்றும். யாரும் ஏமாற்றவில்லை. அந்த 6000, பயாஸுக்குள் போய் நாமே ஆன் செய்தால் மட்டும் கிடைக்கும் வேகம். அதைத் தாங்குமா என்பது மதர்போர்டைப் பொறுத்தது.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. நாம் எதையுமே தொடாமல், 'ஆட்டோ'வில் விட்ட போர்டே ப்ராசஸரை அளவுக்கு மீறி ஓட்டலாம். 2023, 2024 என அடுத்தடுத்த ஆண்டுகளில் இது பெரிய பிரச்சினையாக வெடித்தது. அதனால், போர்டு எவ்வளவு வேகம் தரும் என்பதோடு, அந்த வேகத்தை எவ்வளவு பத்திரமாகத் தரும் என்பதையும் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

பூஸ்ட்டும் ஓவர்கிளாக்கும் ஒண்ணா?

இல்லை. இன்றைய ப்ராசஸர்கள் எல்லாமே வேலை கூடும்போது தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். சூடு, மின்சாரம் இரண்டுக்கும் நிறுவனம் ஒரு வரம்பு வைத்திருக்கும். அந்த வரம்புக்குள் நடப்பது பூஸ்ட். உதாரணமாக, இன்டெல் கோர் ஐ9-14900கே-வின் அடிப்படை அளவு 125 வாட், உச்சம் 253 வாட். ஏஎம்டி ரைசன் 5 7600-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் 88 வாட் வரை இழுக்கும். இதெல்லாம் வாரண்டிக்கு உட்பட்ட வேகம்தான்.

அந்த வரம்பையே தளர்த்துவது ஓவர்கிளாக். ஏஎம்டி-யில் 'பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்', சுருக்கமாக பிபிஓ, இதைத் தானாகச் செய்யும். இன்டெல் பக்கம், போர்டு தயாரிப்பாளர்கள் பல பெயர்களில் பவர் லிமிட்டை நீக்கும் வசதியைத் தருகிறார்கள்.

ரேமிலும் இதே கதைதான். ரேம் குச்சியில் இருக்கும் ஒரு குட்டி சிப்பில் வேகம், டைமிங், வோல்டேஜ் மூன்றும் ஒரு தொகுப்பாக எழுதப்பட்டிருக்கும். இன்டெல் இதை 2007-ல் எக்ஸ்எம்பி என்று கொண்டுவந்தது. டிடிஆர்5 ரேமுக்காக ஏஎம்டி 2022-ல் கொண்டுவந்தது எக்ஸ்போ. பயாஸில் அதை ஆன் செய்தால் மூன்றும் ஒரே நேரத்தில் மாறிவிடும். சாதாரண டிடிஆர்5 ரேம் 1.1 வோல்ட்டில் ஓடும். 6000 வேக ரேம்கள் பலவும் 1.35 வோல்ட் கேட்கும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம் 5200, ரைசன் 9000-க்கு 5600. அதைத் தாண்டினால் கணக்குப்படி அது ஓவர்கிளாக்தான்.

2023, 2024-ல் என்ன நடந்தது?

2023 ஏப்ரலில், ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சாக்கெட்டோடு கருகிய படங்கள் இணையத்தில் பரவின. எக்ஸ்போவை ஆன் செய்ததும், மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி வோல்டேஜைச் சில போர்டுகள் தாமாகவே அதிகமாக ஏற்றியது சிக்கலின் மையமாக இருந்தது. அந்த வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று ஏஎம்டி வரம்பு வைத்தது. போர்டு நிறுவனங்கள் புதிய பயாஸ் வெளியிட்டன.

அடுத்த ஆண்டு இன்டெல். 13, 14-ம் தலைமுறை உயர்ரக ப்ராசஸர்களில் கேம்கள் பாதியிலேயே நின்றன. போர்டுகள் பவர் லிமிட்டைத் தளர்த்தி ஓட்டுவதுதான் காரணமோ என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. தன்னுடைய இயல்பு அமைப்புகளோடு போர்டுகளை அனுப்பும்படி இன்டெல் சொன்னது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ப்ராசஸரின் மைக்ரோகோடே தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்கிறது என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டி 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே சேதமான ப்ராசஸரை எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியவில்லை.

இரண்டு சம்பவங்களிலும் திருத்தம் வந்த வழி ஒன்றுதான்: பயாஸ் அப்டேட். ஆகவே, ஒரு போர்டுக்கு அதன் நிறுவனம் ஒழுங்காக பயாஸ் வெளியிடுகிறதா என்று அந்த மாடலின் இணையப் பக்கத்தில் தேதியோடு பாருங்கள். வண்ண விளக்குகளைவிட இது முக்கியம்.

எந்த சிப்செட்டில் என்ன கிடைக்கும்?

கடையில் முதலில் கேட்க வேண்டியது சிப்செட் பெயர். போர்டில் எது முடியும், எது முடியாது என்பதற்கான முதல் வடிகட்டி அது.

* இன்டெல் 12, 13, 14-ம் தலைமுறை: எச்610-ல் ரேமையும் கூட்ட முடியாது, ப்ராசஸரையும் கூட்ட முடியாது. பி660, பி760-ல் ரேம் மட்டும். இசட்690, இசட்790-ல் இரண்டும். அதிலும் பெயரில் 'கே' உள்ள ப்ராசஸராக இருக்க வேண்டும்.
* இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ்: பி860-ல் ரேம் மட்டும், இசட்890-ல் இரண்டும்.
* ஏஎம்டி ஏஎம்5: ஏ620, பி840-ல் ரேம் மட்டும். பி650, பி850, எக்ஸ்670, எக்ஸ்870-ல் இரண்டும்.

பி840-ஐ பி850-ன் தம்பி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதேபோல, கோர் ஐ5-12400 வாங்கிவிட்டு இசட்790 போர்டு தேடுவதும் வீண் செலவு. லாக் செய்யப்பட்ட ப்ராசஸரை அந்த போர்டாலும் திறக்க முடியாது.

பி760-ல் டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் தனித்தனி மாடல்கள் உண்டு. ஒன்றின் ரேம் இன்னொன்றில் பொருந்தாது. பில் போடும் முன் இதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

விஆர்எம்: கண்ணுக்குத் தெரியாத ஹீரோ

பவர் சப்ளை தருவது 12 வோல்ட். ப்ராசஸருக்கு வேண்டியதோ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல். நடுவில் மாற்றித் தரும் பகுதிதான் விஆர்எம். 253 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க 200 ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் ஓட வேண்டும். விஆர்எம் பலவீனமாக இருந்தால் அது கொதிக்கும். உடனே போர்டு ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பூஸ்ட் அங்கேயே காணாமல் போகும்.

'14+2 ஃபேஸ்' போன்ற எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும், மேலே ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். 88 வாட் இழுக்கும் ரைசன் 5 7600-க்கு ஒரு நடுத்தர பி650 தாராளம். 230 வாட் வரை போகும் ரைசன் 9 7950எக்ஸ், அல்லது கோர் ஐ9 என்றால் இங்கே கஞ்சத்தனம் கூடாது. ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில் ஓடப்போகும் கம்ப்யூட்டருக்கு இது இன்னும் பொருந்தும்.

ரேம் ரெண்டா, நாலா?

நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்பினால் வேகம் விழும். ரைசன் 7000-ல் நான்கு டிடிஆர்5 ரேம் போட்டால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் வெறும் 3600. அதனால் 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி-யாக இரண்டு, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். பெரும்பாலான போர்டுகளில், ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும்.

வேகத்தோடு சிஎல் எண்ணையும் பாருங்கள். 6000 வேகத்தில் சிஎல்30 என்றால் தாமதம் 10 நானோ விநாடி. அதே 6000-ல் சிஎல்36 என்றால் 12. 4800, சிஎல்40 என்றால் கிட்டத்தட்ட 16.7. ரைசன் 7000-க்கு 6000 பொருத்தமான வேகம் என்று ஏஎம்டி-யே சொல்லியிருக்கிறது. 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட 7800எக்ஸ்3டி போன்றவற்றில் ரேம் வேகத்தால் வரும் வித்தியாசம் குறைவு. அதற்காக அதிகம் செலவழிக்கத் தேவையில்லை.

எந்தெந்த ரேமை எந்த வேகத்தில் சோதித்தார்கள் என்ற பட்டியலை போர்டு நிறுவனங்கள் வெளியிடுகின்றன. க்யூவிஎல் என்று அதற்குப் பெயர். நீங்கள் வாங்கும் ரேமின் மாடல் எண் அதில் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது.

வாங்கியாச்சு, அடுத்து?

1. முதல் வேலை பயாஸ் அப்டேட். நடுவில் கரன்ட் போனால் போர்டே முடங்கலாம் என்பதால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். 'பயாஸ் ஃபிளாஷ்பேக்' வசதி உள்ள போர்டு என்றால், முடங்கினாலும் பென்டிரைவ் மூலம் மீட்கலாம்.
2. பிறகு எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். ஏஎம்5 போர்டுகளில் அதன் பிறகு சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். ரேமைப் பழக்கப்படுத்தும் நேரம் அது. பதறி சுவிட்சை அணைக்காதீர்கள்.
3. மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருளால் ரேமைச் சோதியுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. வந்தால் 6000-லிருந்து 5600-க்கு இறக்குங்கள். தடுமாறும் ரேம் எப்போதும் நீலத் திரை காட்டி எச்சரிக்காது. சத்தமில்லாமல் போட்டோவையும் புராஜெக்ட் ஃபைலையும் கெடுத்துவிடும்.
4. இன்டெல் 13, 14-ம் தலைமுறை என்றால் 'இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாரண்டி போயிடுமா?

போகலாம். பிபிஓ, எக்ஸ்போ உட்பட வரம்பைத் தாண்டி ஓட்டுவதால் வரும் சேதம் வாரண்டியில் சேராது என்பது ஏஎம்டி-யின் நிபந்தனை. இன்டெல்லும் எக்ஸ்எம்பி விஷயத்தில், வேகத்தையோ வோல்டேஜையோ மாற்றினால் வாரண்டி பாதிக்கப்படலாம் என்கிறது. பெட்டி மேலேயே விளம்பரம் செய்யும் வேகத்துக்கு இப்படி ஒரு நிபந்தனை இருப்பது வாங்குபவருக்கு நியாயமாகப் படாதுதான். ஆனால் இப்போதைய விதி இதுதான்.

படிப்பு, ஆபீஸ் வேலைக்கு என்றால் இதெல்லாம் தேவையே இல்லை. சாதாரண போர்டும் அடிப்படை வேக ரேமும் போதும். கேமிங், வீடியோ எடிட்டிங் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு பி650, பி850, பி760 வகையில் விஆர்எம் நன்றாக உள்ள ஒரு போர்டே சரியான தேர்வு. எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்து, சோதித்துப் பார்த்துவிட்டு, ப்ராசஸரை அதன் சொந்த வரம்புக்குள் பூஸ்ட் ஆக விடுங்கள். போர்டில் மிச்சமாகும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.