திரையில் ஒரு புள்ளி

நடுக்கடலில் இருப்பவனைக் கரையோடு கட்டிவைப்பது இன்று ஒரு சிறு பெட்டி. பந்தய வீரருக்குச் சுலபமாகக் கிடைத்த அந்தப் பெட்டி, கொச்சியிலிருந்து மீன் பிடிக்கப் போகும் தமிழர்களை வந்தடைய ஒரு புயலும் பல ஆண்டுகளும் வேண்டியிருந்தன.

2018 செப்டம்பர் 21. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மேற்கே சுமார் 1,900 கடல் மைல். காற்றின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். நாலு மாடி உயரத்துக்கு அலைகள். 'துரியா' என்ற சிறிய பாய்மரப் படகு தலைகீழாக உருண்டு நிமிர்ந்தபோது அதன் பாய்மரங்கள் முறிந்திருந்தன. முதுகெலும்பு நொறுங்கி, எழுந்திருக்க முடியாமல் உள்ளே கிடந்தார் இந்தியக் கடற்படையின் கமாண்டர் அபிலாஷ் டோமி. படகில் வேறு யாரும் இல்லை. தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் அவர் அப்போது மூன்றாவது இடத்தில் இருந்தார்.

கைக்கு எட்டியது ஒரு சின்னக் கருவி. அதில் அவர் அனுப்பிய செய்தி தந்தி பாஷையில் இருந்தது: படகு உருண்டது, பாய்மரம் போயிற்று, முதுகில் பலத்த அடி, எழ முடியவில்லை. அவ்வளவுதான். அந்தச் சில சொற்கள் வானத்துக்குப் போய் ஐரோப்பாவில் இறங்கின. ஆஸ்திரேலியாவின் மீட்பு மையம் பொறுப்பை ஏற்றது. நம்முடைய அரக்கோணம் கடற்படைத் தளத்தைச் சேர்ந்த பி-8ஐ விமானம் மொரீஷியசுக்குப் போய், அங்கிருந்து கிளம்பி, 23ஆம் தேதி படகைக் கண்டுபிடித்தது. மறுநாள் பிரான்சின் மீன்வளக் கண்காணிப்புக் கப்பலான ஒசிரிஸ் அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டது. ஆம்ஸ்டர்டாம் என்ற குட்டித் தீவில் சிகிச்சை. பிறகு ஐஎன்எஸ் சத்புரா கப்பலில் விசாகப்பட்டினம்.

தெற்குக் கடலில் ஒரு படகைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. இங்கே ஊசியே "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தான் மூன்று நாளில் முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பந்தயம் 1968இல் நடந்த முதல் பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக நடத்தப்பட்டது. விதியும் பழைய விதி. ஜிபிஎஸ் கூடாது. செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனை அளந்து, காகித வரைபடத்தில் கோடு போட்டுத்தான் போகவேண்டும். ஆனால் ஒவ்வொரு படகிலும் செயற்கைக்கோள் தடங்காட்டி கட்டாயம். அது படகின் இடத்தைக் கரைக்கு மட்டும் சொல்லும், படகோட்டிக்குச் சொல்லாது. ஆகவே தான் எங்கே இருக்கிறோம் என்று அபிலாஷ் நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டில் கணினி முன் உட்கார்ந்திருந்த எவருக்கும் அது திரையில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

பழமையைக் கொண்டாடிய அமைப்பாளர்கள் இந்த ஒன்றில் மட்டும் பழமையை ஏற்காததற்குக் காரணம் உண்டு. 1968 பந்தயத்தில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் மும்பையில் தேக்கு மரத்தில் கட்டிய 'சுஹைலி' படகில் போனார். ரேடியோ கெட்டுப்போனது. நியூசிலாந்தைத் தாண்டிய பிறகு நாலு மாதத்துக்கும் மேல் அவரைப் பற்றித் தகவலே இல்லை. இறந்திருப்பார் என்று பலர் முடிவுகட்டிவிட்ட நிலையில் 1969 ஏப்ரலில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார், முதல் ஆளாக. அதே பந்தயத்தில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவர் அட்லாண்டிக்கை விட்டு நகராமலே, உலகைச் சுற்றி வருவதாக ரேடியோவில் பொய்க் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1969 ஜூலையில் அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்தது. கடலில் இருப்பவன் சொல்வதைத் தவிரக் கரைக்கு வேறு சாட்சி இல்லாத காலம் அது. ஒருவரை உயிரோடு இருக்கும்போதே இறந்தவராக்கியது, இன்னொருவரைப் பொய்யில் சிக்கவைத்தது.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். எல்லாவற்றையும் 'சேட்டிலைட் கருவி' என்று ஒரே பெயரில் சொல்வது வழக்கம். ஆனால் வேலை வேறு வேறு. கப்பல்களிலும் படகுகளிலும் இருக்கும் அபாய ஒலிபரப்பி (ஈபிஐஆர்பி) ஒரு கூக்குரல் மட்டுமே. தண்ணீரில் மூழ்கினாலோ பொத்தானை அழுத்தினாலோ 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கத்த ஆரம்பிக்கும். அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் பனிப்போர் நடக்கும்போதே கைகோத்து உருவாக்கிய காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டின் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்கும். முதல் செயற்கைக்கோள் போனது 1982இல். இந்தியாவில் அந்தக் குரல் வந்து சேரும் இடம் பெங்களூர். அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையங்களுக்குப் போகும்.

அபிலாஷ் செய்தி அனுப்பிய தடங்காட்டி வேறு ரகம். இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. துருவம்வரை எட்டாத இடம் இல்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இடத்தைச் சொல்லும், குறுஞ்செய்தி போகும், பதிலும் வரும். கூக்குரலுக்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கூக்குரல் கேட்டதா என்று கத்தியவனுக்குத் தெரியாது. முதுகு ஒடிந்து கிடப்பவனுக்கு "வருகிறோம்" என்ற ஒரு சொல் எவ்வளவு பெரியது என்பதை விளக்கவேண்டியதில்லை.

2022 நவம்பரில், அடுத்த கோல்டன் குளோப் பந்தயத்தில், பின்லாந்தின் டாபியோ லெஹ்டினனின் படகு சில நிமிடங்களில் மூழ்கியது. உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறிய அவரைச் சுமார் நூறு மைல் தொலைவில் இருந்த சக போட்டியாளர் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் தேடிப்போய் மீட்டார். அந்தப் பெண்தான் 2023 ஏப்ரலில் பந்தயத்தையும் வென்றார். இரண்டாவதாக வந்தவர், முதுகில் டைட்டானியம் கம்பிகளோடு மறுபடி கடலுக்குப் போன அபிலாஷ் டோமி.

இனிக் கொச்சிக்கு வரலாம். கன்னியாகுமரியிலிருந்து பன்வேல் போகும் 66ஆம் எண் நெடுஞ்சாலை இடப்பள்ளியைத் தொட்டுத்தான் வடக்கே போகிறது. அந்தச் சாலையில் ஊருக்கும் துறைமுகத்துக்கும் ஓயாமல் போய்வரும் ஒரு கூட்டம் உண்டு. நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான எட்டுக் கடலோரக் கிராமங்களின் ஆட்கள். தூத்தூர் வட்டாரம் என்று சொன்னால் மேற்குக் கரை முழுக்கத் தெரியும். மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் சூரையும் சுறாவும் இறங்குவது பெரும்பாலும் இவர்கள் கையால்தான். ஏலக்காரர் மலையாளத்தில் கூவ, படகிலிருந்து வரும் பதில் தமிழா மலையாளமா என்று பிரித்துச் சொல்வது தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கே சிரமம்.

இவர்கள் பந்தயத்துக்குப் போகிறவர்கள் அல்ல. ஆனால் தூரத்தில் குறைந்தவர்களும் அல்ல. ஒரு முறை போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும். லட்சத்தீவைத் தாண்டி நூற்றுக்கணக்கான மைல். கையில் ஜிபிஎஸ் இருக்கும், எக்கோ இருக்கும். இடம் தெரியும். ஆனால் அதைக் கரைக்குச் சொல்ல வழி இருக்காது. விஎச்எஃப் வயர்லெஸ் நேர்கோட்டில் போகிறது, பூமியின் வளைவைத் தாண்டாது. இருபது, முப்பது கடல் மைலோடு சரி. ஆகவே அபிலாஷுக்கு நேர் எதிர் நிலை: தாங்கள் எங்கே என்பது இவர்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயலானது. ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே போய்விட்டிருந்தன. எச்சரிக்கை வானொலியில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது, படகுக்கு மட்டும் வரவில்லை. எந்தப் படகு எங்கே என்று அரசிடம் கேட்டால் பதில் இல்லை. வீட்டுக்காரர்களிடமும் இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட படகுகள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டில் கரை ஒதுங்கியிருக்கின்றன என்ற சேதி வந்தபோதுதான் பல குடும்பங்களில் அழுகை நின்றது. லட்சத்தீவிலிருந்து சில படகுகள் பற்றித் தகவல் வந்தது. சேதி வராத வீடுகளும் இருந்தன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. எங்கே தேடுவது என்று தெரியாமல் தேடியதில் எத்தனை நாட்கள் போயின!

ஒக்கிக்கும் 'துரியா' உருண்டதற்கும் இடையே பத்து மாதம்கூட இல்லை. இரண்டும் ஒரே பெருங்கடல் பரப்பைச் சேர்ந்தவை. ஒன்றில் ஒரு மனிதருக்காக நாலு நாடுகள் கிளம்பின. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கிளம்பத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் கிளம்பியதற்குக் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. போகவேண்டிய இடம் தெரிந்திருந்தது.

பணம்தானே தடை, வசதி வந்தால் வாங்கிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் சட்டத்தைப் பார்க்கவேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் போய் 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தும் அந்த நிலை மாறவில்லை. கெடுபிடி இறுகியது 2008 நவம்பருக்குப் பிறகு. மும்பையைத் தாக்க வந்தவர்கள் கடத்திய குஜராத் மீன்பிடிப் படகு 'குபேர்' நடுக்கடலில் கிடைத்தபோது அதில் ஒரு துரையா செயற்கைக்கோள் போன் இருந்தது. விசித்திரம் என்னவென்றால், அடுத்த சில நாட்களில் கொச்சியின் வில்லிங்டன் தீவில் வால்வோ ஓஷன் பந்தயப் படகுகள் வந்து நின்றன. செயற்கைக்கோள் வழியாகப் படமும் செய்தியும் அனுப்பியபடி கேப்டவுனிலிருந்து வந்த படகுகள் அவை. ஒரே மாதத்தில், ஒரே கருவி, ஒரு கரையில் கொண்டாட்டம், இன்னொரு கரையில் தடயப்பொருள். ('துரியா' சமஸ்கிருதத்தில் நான்காம் நிலை, நம் சித்தாந்த நூல்களின் துரியம். 'துரையா' அரபியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். பெயரளவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.)

இந்தச் சந்தேகம் மீனவரோடு நிற்பதில்லை. 2024 டிசம்பரில் கனடாவிலிருந்து வந்த ஒரு பெண் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார். பையில் இருந்தது மலையேறுபவர்கள் எடுத்துப்போகும் செயற்கைக்கோள் தடங்காட்டி. பாதுகாப்புக்கென்று வாங்கிய பொருள்!

வெளிநாட்டுக் கருவி கூடாதென்றால் உள்நாட்டுக் கருவி வேண்டும் அல்லவா? ஒக்கிக்குப் பிறகு அது மெதுவாக வந்தது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற பெட்டி. ககன் செயற்கைக்கோள் வழியாக வானிலை எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் செல்போனுக்கு வரும். நல்ல பெட்டிதான், ஆனால் காது மட்டும் உண்டு, வாய் இல்லை. இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி 2010 முதலே புழக்கத்தில் உண்டு. அதற்கு வாய் இருந்தது, காது இல்லை. பொத்தானை அழுத்தியவனுக்கு யாராவது கேட்டார்களா என்று தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் "செய்தி கிடைத்தது" என்ற பதில் திரும்பி வருகிறது. கேட்டதா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்லப் பதினாலு வருடம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் இன்னும் பெரியது. 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர். நம் ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாகப் படகின் இடம் கரைக்குத் தெரியும். இரு பக்கமும் செய்தி போகும். பந்தயப் படகில் இருந்த வசதி கிட்டத்தட்ட முழுவதும், தூத்தூர்க்காரர் கைக்கு.

கைக்கு வந்தால் போதுமா? இங்கேதான் துறைமுகத்தில் தயக்கம் தொடங்குகிறது. பந்தய வீரருக்குத் தன் புள்ளியை உலகம் பார்ப்பது பெருமை. மீனவனுக்கு அவன் நிற்கும் இடமே முதலீடு. எந்தத் திட்டில் சூரை கிடைத்தது என்பதைச் சொந்த மச்சானிடம்கூடச் சொல்லாத தொழில் இது. அதோடு எல்லைக் கேள்வி. டீகோ கார்சியா பக்கம் போய்ப் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் பிடிபட்ட படகுகள் தூத்தூர் வட்டாரத்தில் உண்டு. ராமேஸ்வரம் பக்கக் கதை எல்லோருக்கும் தெரியும். உயிரைக் காக்கத் தந்த பெட்டி நாளைக்கு அபராதச் சீட்டுக்குச் சாட்சி சொல்லுமா என்ற பயம் நியாயமானது. அந்தப் பதிவுகளை யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை அரசு மீனவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் கொடுத்தால் பாதி தயக்கம் போய்விடும். பெட்டியைப் பொருத்துவது மின்வேலை. நம்பவைப்பது வேறு வேலை, அதற்கு 364 கோடியும் தேவையில்லை.

புள்ளியாகத் தெரிவதில் இன்னொரு லாபமும் இருப்பதை இந்தத் துறைமுகம் அறியும். 2017 ஜூன் 11ஆம் தேதி அதிகாலை கொச்சிக்கு அப்பால் 'ஆம்பர் எல்' என்ற பனாமா நாட்டுச் சரக்குக் கப்பல் மோதித் தோப்பும்படியின் 'கார்மல் மாதா' படகு உடைந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவரைக் காணவில்லை. பெரிய கப்பலின் திரையில் சிறிய படகு தெரிய ஒரு வழி இருக்கவேண்டும் என்ற பேச்சு அப்போதும் எழுந்தது.

2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து ஐஎன்எஸ்வி தாரிணியில் இரண்டு கடற்படை அதிகாரிகள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. 2025 மே 29ஆம் தேதி திரும்பி வரும்வரை எட்டு மாதமும் அவர்கள் போன தடம் கரைக்குத் தெரிந்தது. மனித நடமாட்டமே இல்லாத பசிபிக் நடுப்புள்ளியான பாயின்ட் நீமோவைக் கடந்ததும் கரைக்குச் சேதி வந்தது.

மேற்குக் கரையின் மீன்பிடித் தடை ஜூலை 31 நள்ளிரவோடு முடியும். தோப்பும்படியில் அன்று இரவு ஐஸும் டீசலும் ஏறும், அரிசி மூட்டை ஏறும். இன்று சில படகுகளின் சுக்கான் அறைக் கூரையில் புதுப் பெட்டியும் இருக்கிறது. ஆனாலும் தூத்தூர்ப் படகுகள் பழைய வழக்கத்தை விடவில்லை. நாலைந்து படகுகள் சேர்ந்தே கிளம்புகின்றன, ஒன்றுக்கொன்று வயர்லெஸ் எட்டும் தூரத்தில்.