கடல் கடந்த துணையும் கூட்டு விபரத்திரட்டும்

யாழ்ப்பாணத்தார் கடல் கடந்து பொருள் தேடுதல் புதிய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் சென்ற நம் முன்னோர் பலர், மனைவி மக்களை ஊரில் இருத்திப் பணம் அனுப்பிக் குடும்பம் நடாத்தினர். 1983ஆம் ஆண்டின் பின்னர் அவ்வழக்கம் பன்மடங்கு பெருகிற்று. இன்று கோயிலிலே தாலி கட்டி, ஒரு திங்கள் கழியுமுன் மணமகன் விமானம் ஏறுவதும், விசா வரும் வரை மணமகள் தாய்வீட்டில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பதும் எவ்வூரிலும் காணத்தக்க காட்சிகளாம். உடல் இருவேறு நாட்டில் இருப்பினும் குடும்பம் ஒன்றே என்பது நம் கொள்கை. வரிச் சட்டம் இக்கொள்கையை ஏற்கின்றதா? ஏற்பின் எவ்வளவிற்கு? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்தமைக்குக் காரணம் எனது தவறொன்றேயாம். சில காலத்திற்கு முன் என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி, அமெரிக்காவில் நிரந்தர வதிவுரிமை பெற்ற தன் கணவர் தபாலில் அனுப்பிய தாள்கள் சிலவற்றோடு வீட்டிற்கு வந்தாள். "சேர், இதில கையெழுத்து வைக்கலாமோ?" என்று வினாவினாள். யான் முதற் பக்கத்தை மாத்திரம் நோக்கி, "அவர் கேட்டால் வைக்கவேண்டியதுதானே, பிள்ளை" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவள் சென்றபின், அவ்விடயம் பற்றிய அறிவுறுத்தல்களைத் தேடிப் படித்தபோதுதான், யாது பொறுப்பினை அவள் தலைமேல் ஏற்றினேன் என்பதை உணர்ந்தேன். பட்டதாரி ஆசிரியன் என்ற பெயர் இருந்தமையால் என் சொல்லை அவள் ஐயுறவில்லை. அப்பெண் போன்றோர் நம் பழைய மாணவர் குடும்பங்களிலும் பலர் உளராதலின், யான் பின்னர் அறிந்தவற்றை ஈண்டு எடுத்துரைத்தல் கடனாயிற்று.

கூட்டு விபரத்திரட்டு என்பது கணவனும் மனைவியும் தத்தம் வருமானங்களை ஒன்றாகக் கூட்டி, ஒரே படிவத்தில் வெளிப்படுத்தி, இருவரும் ஒப்பமிட்டு இறைவரிப் பகுதிக்கு அனுப்புவதாகும். இது தோன்றிய வரலாறு நமக்குப் பெரிதும் சுவை பயப்பது. ஏனெனின் அதன் அடிநிலைக் கருத்து நம் தேசவழமையின் கருத்தோடு உறவுடையது.

தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்று, ஆங்கிலேயரால் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி கொண்டு வலுவூட்டப்பெற்றது. அஃது ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கின்றது. இவற்றுள் தேடியதேட்டமாவது மணவாழ்க்கை நிலவுங் காலத்தில் உழைத்துத் தேடிய பொருள். பழைய வழமையின்படி, தேடியவர் கணவரேயாயினும் அதில் மனைவிக்கும் பங்குண்டு. 1911ஆம் ஆண்டின் விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதனைத் திருத்திய 1947ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வுரிமையின் வடிவத்தை மாற்றின. ஒருவர் இறக்குமிடத்து, அவர் வேறுவகையாகக் கையளியாது விட்ட தேடியதேட்டத்தில் அரைப்பங்கு எஞ்சிய துணையைச் சாரும் என்பது இன்றைய விதி.

இதனையொத்த இணையாதன முறை ஐக்கிய அமெரிக்காவிலும் சில மாநிலங்களில் நிலவுகின்றது. வாஷிங்டன் மாநிலத்தவரான சீபோர்ண் என்பவர், தம் உழைப்பில் பாதி தம் மனைவிக்கு உரியதாகலின் அப்பாதியை அவளது வருமானமாகவே காட்டவேண்டும் என்று வழக்காடினார். 1930ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. படிமுறை வரியில் ஒரு பெருந்தொகையை இரண்டாகப் பிளப்பின் இரு கூறுகளும் தாழ்ந்த வீதத்தில் அமையுமாதலின், அம்மாநிலத்தார் குறைந்த வரி செலுத்தினர். இதனைக் கண்ட வேறு சில மாநிலங்கள் வரிச் சலுகையின் பொருட்டே தம் ஆதனச் சட்டத்தை மாற்றத் தலைப்பட்டன. ஈற்றில் 1948ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரவை, எம்மாநிலத் தம்பதியராயினும் வருமானத்தைக் கூட்டிப் பங்கிட்டாற்போல வரி கணிக்கலாம் என விதித்தது. கணவன் தேடிய பொருளில் மனைவிக்கும் பங்குண்டு என்ற பழங்கருத்தே இன்றைய கூட்டு விபரத்திரட்டின் வேர் எனலாம்.

எனினும், தம்பதியருள் ஒருவர் அந்நாட்டில் வதிவற்ற அயல்நாட்டவராயின் கூட்டு விபரத்திரட்டு அனுப்புதல் நெடுங்காலம் இயலாதிருந்தது. அந்நாட்டின் அதிகாரத்திற்கு உட்படாத வருமானத்தை உடையவர் குறைந்த வீதத்தின் பயனை மாத்திரம் பெறுதல் ஒவ்வாது என்பதே காரணம். 1976ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் இதற்கொரு வழி திறந்தது. அதன்படி, ஆண்டிறுதியில் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமையோ வரி நோக்கிலான வதிவுரிமையோ உடையவராயின், மற்றவர் யாழ்ப்பாணத்தை விட்டு ஒருநாளும் நீங்காதவராயினும், அவரையும் வதிவுள்ளவராகக் கருதும்படி இருவரும் ஒருமித்துத் தெரிவு செய்யலாம். இத்தெரிவு வரிக்கு மாத்திரமே உரியது; குடிவரவு உரிமை எதனையும் தராது.

மணமானவரா அல்லரா என்பது டிசம்பர் 31ஆம் நாளைய நிலை கொண்டு துணியப்படும். கார்த்திகை மாதத்து முகூர்த்தத்தில் மணந்தோர் அவ்வாண்டு முழுதும் மணமுடித்திருந்தாராகவே கொள்ளப்படுவர். மார்கழி கழித்துத் தையில் மணந்தோர்க்கு அடுத்த ஆண்டு முதலே இவ்வுரிமை உண்டாகும். நம் பஞ்சாங்கம் அறியாத சட்டமாயினும், நம் முகூர்த்தத்திற்கு இத்துணை விலை வைத்திருக்கின்றது.

அவ்விலை யாதென எண்ணிப் பார்ப்போம். கணவரின் ஆண்டுச் சம்பளம் 80,000 டொலர் என்றும் மனைவிக்கு வருமானம் இல்லை என்றும் கொள்வோம். 2025ஆம் ஆண்டிற்குரிய விதிப்படி, மணமானவர் தனித்து விபரத்திரட்டு அனுப்பின் பொதுக் கழிவு 15,750 டொலர். எஞ்சிய 64,250 டொலரில் முதல் 11,925 டொலருக்கு நூற்றுக்குப் பத்தும், அதன்மேல் 48,475 டொலர் வரை நூற்றுக்குப் பன்னிரண்டும், மிகுதிக்கு நூற்றுக்கு இருபத்திரண்டுமாக வரி 9,049 டொலராகும். கூட்டாக அனுப்பின் கழிவு 31,500 டொலர். எஞ்சிய 48,500 டொலரில் முதல் 23,850 டொலருக்கு நூற்றுக்குப் பத்தும், மிகுதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டுமாக வரி 5,343 டொலராகும். மிச்சம் 3,706 டொலர். இத்தொகை சிறிதன்று. கணவர் தாள்களை விரைந்து அனுப்பியதன் காரணம் இதுவேயாம்.

இனிச் செயன்முறையை நோக்குவோம். முதலாண்டில் 1040ஆம் இலக்கப் படிவத்தோடு, இத்தெரிவை மேற்கொள்வதாக இருவரும் ஒப்பமிட்ட கூற்றொன்றை இணைத்தல் வேண்டும். அதில் இருவரின் பெயரும் முகவரியும் அடையாள இலக்கமும் அமைதல் வேண்டும். ஊரிலுள்ள துணைக்கு அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு இலக்கம் இராதாகலின், வரி செலுத்துநர் அடையாள இலக்கம் கோரி டபிள்யூ-7 என்னும் படிவத்தால் விண்ணப்பிப்பர். அதனோடு மூலக் கடவுச்சீட்டையோ, அதனை வழங்கிய திணைக்களமே உறுதிப்படுத்திய பிரதியையோ சேர்த்தனுப்புதல் வேண்டும். நம்மூர் நொத்தாரிசு உறுதிப்படுத்திய பிரதி ஏற்கப்படமாட்டாது. விசா நேர்காணலுக்குக் காத்திருப்போர் மூலக் கடவுச்சீட்டைக் கைவிடுதல் இடர் தருமாதலின் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் நன்று. பெற்ற இலக்கத்தை மூன்றாண்டு தொடர்ந்து பயன்படுத்தாவிடின் அது காலாவதியாகும்.

பயன் இவ்வாறாக, பொறுப்பு யாது? முதலாவது, மனைவியின் உலகளாவிய வருமானம் அனைத்தும் அவ்விபரத்திரட்டில் இடம்பெறல் வேண்டும். ஊர்ப் பாடசாலையில் பெறும் சம்பளம், கடை வாடகை, தோட்டக் குத்தகை, வங்கியிலுள்ள நிலையான வைப்பின் வட்டி ஆகிய யாவும் இதனுள் அடங்கும். வட்டி ஈண்டு வரி கழிக்கப்பட்ட பின்னரே கைக்கு வருவதாயினும், கழிக்குமுன் உள்ள முழுத்தொகையையே காட்டுதல் வேண்டும். இந்நாட்டில் செலுத்திய வரிக்குரிய வரவு பின்னர்க் கோரலாம். இலங்கைக்கும் அமெரிக்காவிற்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் 2004ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உண்டு. ஆனால், வதிவுள்ளவராகத் தம்மைக் கருதுமாறு தெரிவு செய்தவர், ஒப்பந்தத்தைக் காட்டி வதிவற்றவர் என்று அவ்வரியினின்றும் நீங்க முயலல் பொதுவாக இயலாது.

இரண்டாவது பொறுப்பே பெரிது. கூட்டு விபரத்திரட்டில் ஒப்பமிட்ட இருவரும் வரி முழுவதற்கும், அதன்மேல் ஏறும் வட்டிக்கும் தண்டத்திற்கும், சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாவர். கணவர் தம் வருமானத்தை மறைத்திருப்பின், அவரது சம்பளச் சீட்டை ஒருபோதும் கண்டிராத மனைவியிடமிருந்தும் அவ்வரியைக் கோரலாம்; பின்னர் மணமுறிவு நிகழினும் இப்பொறுப்பு தானாக நீங்காது. அறியாது ஒப்பமிட்ட துணைக்கு 8857ஆம் இலக்கப் படிவத்தால் நிவாரணம் கோரும் வழி உண்டு. ஆயினும் அறியாமையை நிறுவும் சுமை அவரையே சாரும். மூன்றாவது, இத்தெரிவு ஒருமுறை செய்தபின், நீக்கும் வரை ஆண்டுதோறும் தொடரும். இருவரில் ஒருவர் இறப்பினும், சட்டப்படி பிரியினும், உரிய காலத்தில் மீளப்பெறினும் அது முடிவுறும். மீளப்பெற்றவர் பிற்காலத்தில் அதனை மீண்டும் செய்தல் இயலாது. ஆகவே ஓராண்டு மிச்சத்தை மாத்திரம் நோக்காது, ஊரில் வருமானம் மிக்க துணையுடையோர் வருங்காலத்தையும் கணக்கிடல் வேண்டும்.

பிறநாடுகளில் உறவினரை உடையோர் இவ்விதியை அந்நாடுகட்கும் பொருத்திக் கொள்ளுதல் தகாது. கனடாவில் கூட்டு விபரத்திரட்டு என்பதே இல்லை. ஆயினும் அயல்நாட்டிலுள்ள துணையைத் தாமே ஆதரிப்பவர் அதற்குரிய வரவைக் கோரலாம். பிரித்தானியாவில் மனைவியின் வருமானத்தைக் கணவருடையதாகவே கருதும் வழக்கு 1990ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதல் ஒழிந்தது. இன்று இருவரும் தனித்தனி வரியிறுப்பாளரே. ஜேர்மனியில் கூட்டுக் கணிப்பு உண்டெனினும், துணைவர் அந்நாட்டில் அல்லது ஐரோப்பியப் பொருளாதார வலயத்துள் வதிதல் பொதுவாக வேண்டப்படுமாதலின், யாழ்ப்பாணத்தில் வதியும் மனைவி அதனுள் அடங்கார்.

நம் நாட்டிலும் 1950களின் இறுதியில், கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் கல்டோரின் ஆலோசனை வழி, குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு வரி கணிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. இன்று 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்கீழ் ஒவ்வொருவரும் தனித்தே கணிக்கப்படுகின்றனர். 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம் தனியாள் ஒருவரின் ஆண்டு நிவாரணம் 18 இலட்சம் ரூபா. அமெரிக்கச் சட்டம் அவளை அந்நாட்டு வதிவாளராகக் கருதினும், யாழ்ப்பாணத்தில் வாழும் மனைவி இந்நாட்டுச் சட்டத்திற்கு இந்நாட்டு வதிவாளரே. அங்கு அவள் ஒப்பமிட்டதனால் இங்குள்ள கடமை நீங்காது. கணவர் ஆங்குப் பெறும் சம்பளம் இங்கு அவள் வருமானமாகவும் மாட்டாது.

ஈண்டு நம் சட்டத்தின் பிறிதொரு கூறும் நினைவிற் கொள்ளத்தக்கது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாத ஆதனத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. கடல் கடந்த கணவர் அற்றோர்ணித் தத்துவம் அனுப்பும் வரை தன் சீதனக் காணியை விற்கமாட்டாத பெண்ணின் ஒப்பம், அக்கணவரின் வரிக்கடனை முழுதும் ஏற்கப் போதியதாகின்றது. உரிமையில் ஒப்பம் குறைவுபட, பொறுப்பில் ஒப்பம் நிறைவுபடுதல் சிந்தித்தற்குரியது.

என் மாணவியின் செய்தியைக் கூறி முடிப்பேன். அடுத்த ஆண்டு தாள்கள் வந்தபோது யானே அவளை அழைத்து, இருவருமாக வரிவரியாகப் படித்தோம். பெற்றோர் சீதனமாக அளித்து வங்கியில் இட்ட பணத்தின் வட்டி முதலாண்டு விபரத்திரட்டில் விடுபட்டிருந்தமை அப்போதுதான் புலனாயிற்று. கணவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை, யானும் வினவவில்லை. அவர் திருத்த விபரத்திரட்டு ஒன்று அனுப்பி, சிறு தொகையை வட்டியுடன் செலுத்தினார். அதன்பின் கணவர் ஆண்டுதோறும் தம் சம்பளச் சீட்டின் பிரதியை அவளுக்கு அனுப்ப, அவள் வங்கிக் கூற்றை அவருக்கு அனுப்புகிறாள். ஒருவர் கணக்கை மற்றவர் அறிந்தபின்னரே ஒப்பம் இடுகின்றனர்.

கூட்டு என்னும் சொல்லுக்கு உண்மைப் பொருள் இதுவேயாம். இரு பெயர்கள் ஒரு தாளில் அமைதலால் மாத்திரம் அது நிறைவுறாது. இருவரும் அறிந்து ஒப்புதலாலேயே நிறைவுறும். ஆதலின் இத்தகைய தாளோடு நம் வாயிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு, ஒப்பமிடு என்றோ இடாதே என்றோ உடனே கூறாது, அவர்களை இருத்தி முதற் பக்கம் தொட்டு ஈற்றுப் பக்கம் வரை உடன் படித்தல் ஆசிரியராகிய நம் கடமையாகும்.