இளையரும் இணையவழி நிதிதிரட்டலும்: சிங்கப்பூர்ச் சூழலில் ஒரு நோக்கு

முன்னுரை

அறநிறுவனம் ஒன்று பொதுமக்களிடம் தானே நன்கொடை கோருவது ஒரு முறை. அதன் ஆதரவாளர் ஒவ்வொருவரும் தத்தம் உற்றார், நண்பர், உடன்பயில்வோர் ஆகியோரிடம் கோருவது பிறிதொரு முறை. பின்னதனை ‘நட்புவழி நிதிதிரட்டல்’ என இக்கட்டுரையில் வழங்குவோம். இணையத்தின் துணையால் இளையர் முன்னின்று நடத்தும் இம்முறையின் இயல்பையும், இதில் ஆசிரியர்க்குரிய பங்கையும் ஈண்டு நோக்குவோம்.

செயற்படும் முறை

சிங்கப்பூரில் குழந்தைப் புற்றுநோய் அறநிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஹேர் ஃபார் ஹோப்’ இயக்கம் தக்க சான்றாகும். சிகிச்சையால் முடியிழக்கும் சிறார்க்குத் துணைநிற்கும் அடையாளமாக, இதில் பங்கேற்போர் தலையை மழித்துக்கொள்வர். தமக்கென ஓர் இணையப் பக்கம் அமைத்து, தம் நோக்கத்தை எழுதி, அறிந்தோர்க்கு அனுப்புவர். நன்கொடை நிறுவனத்தைச் சென்றடையும். தேசியத் தொண்டூழிய, நன்கொடை நிலையம் 2015ஆம் ஆண்டு தொடங்கிய ‘கிவிங் எஸ்ஜி’ தளம், பதிவுபெற்ற சிறிய அமைப்புகளுக்கும் இத்தகைய வாய்ப்பை அளித்தது.

கொடுப்போருள் பலர் நிறுவனத்தை முன்பின் அறியாதவர், கேட்பவரை அறிந்தவர். அவர்மீது கொண்ட நம்பிக்கையாலேயே கொடுக்கின்றனர்.

இந்நெறி தமிழர்க்குப் புதியதன்று. 1950களில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டித் தமிழவேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வாயிலாகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். எளிய மக்களின் சிறுதொகைகள் அத்துறையின் தமிழ் நூலகத்திற்குத் துணையாயின.

எழும் சிக்கல்கள்

முதலாவதாக, கேட்கும் இளையர் தம்மையறியாமலே நிறுவனத்திற்குப் பிணையாகின்றார். நிறுவனம் தவறினால் அவர்தம் நற்பெயரும் குன்றும். இரண்டாவதாக, வசதிமிக்க சுற்றத்தார் உடைய மாணவரின் பக்கம் விரைவில் நிறையும். ஏனையோர் பக்கம் வெறுமையாய் நிற்கும். உழைப்பு ஒன்றாயினும் தொகை வேறுபடுவதால் மாணவரிடையே தாழ்வுணர்ச்சி தோன்றக்கூடும். மூன்றாவதாக, நோயுற்ற குழந்தையின் படம் விரைந்து ஈர்ப்பதுபோல, துணைப்பாட வகுப்பு, முதியோர் பராமரிப்பு போன்ற நெடுநாட்பணிகள் ஈர்ப்பதில்லை.

2018ஆம் ஆண்டு வெளியான இணையவழி அறநிதி திரட்டல் நடைமுறைத் தொகுப்பு, வேண்டுகோளின் உண்மைத்தன்மையை ஆராய்வதையும் நன்கொடைப் பயன்பாட்டின் பொறுப்புடைமையையும் தளங்களிடம் எதிர்பார்த்தது. ஆயினும் மாணவர் தம் பக்கத்தில் எழுதும் சொற்களைச் செம்மைசெய்வது ஆசிரியர் கடனேயாம்.

முடிவுரை

எனவே மாணவர் நிதி கேட்குமுன், அரசின் அறநிறுவன இணையவாயிலில் அந்நிறுவனத்தின் கணக்கை வாசிக்கச் செய்தல் வேண்டும். எதற்கு, எவ்வளவு, எந்நாளுக்குள் என்பன வேண்டுகோளில் தெளிவாக அமைதல் வேண்டும். தாத்தா பாட்டியரும் படித்தறியும் வண்ணம் அதனைத் தமிழிலும் எழுதப் பயிற்றலாம். திரட்டிய தொகைகளை வகுப்பில் வரிசைப்படுத்தி அறிவிப்பதைத் தவிர்த்தல் நன்று. நிறைவில், பணம் எவ்வாறு பயன்பட்டது என்பதைக் கொடுத்தோர்க்கு மாணவரே எழுதித் தெரிவித்தல் இன்றியமையாதது. அவ்வாறு கணக்குக் காட்டப் பழகிய இளையரே நாளை நம் சமூக அமைப்புகளைப் பொறுப்புடன் நடத்தும் தகுதி பெறுவர்.