ஐந்தாம் தசமத்தில் 154 கோடிப் பேர்

இந்தியாவில் 1951 முதல் 2011 வரை நடந்த ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை எக்செலில் இட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில் 36.1 கோடி, கடைசி ஆண்டில் 121.1 கோடி. வரைபடத்தில் ஏழு புள்ளிகள். அவற்றுக்கு இருபடிப் போக்குக்கோடு ஒன்று கேட்டால், புள்ளிகளை உரசிக்கொண்டே ஒரு வளைவு ஏறுகிறது. புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும் வளைவு அது. 1805இல் பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் வெளியிட்ட வழி.

சமன்பாட்டையும் காட்டச் சொன்னால் வருவது இது: ஆண்டின் வர்க்கத்தை 0.0113ஆல் பெருக்கு, ஆண்டை 43.181ஆல் பெருக்கிக் கழி, 41415ஐக் கூட்டு. சரி, 2011ஐப் போடுவோம். விடை: 277 கோடி!

கோடு 122 கோடியில்தான் நிற்கிறது. அதன் சமன்பாடு மட்டும் ஏன் இப்படி உளறுகிறது?

கோட்டை வரையும்போது எக்செல் பயன்படுத்திய எண் 0.0112619. நம் கண்ணுக்குக் காட்டும்போது அதை 0.0113 என்று முழுமையாக்கிவிட்டது. வித்தியாசம் 0.00004கூட இல்லை. ஆனால் 2011இன் வர்க்கம் 40 லட்சத்துக்கும் மேல். அந்தத் துளியை அதனால் பெருக்கினால் 154 வருகிறது. நம் அலகு கோடி என்பதால், 154 கோடிப் பேர்.

லாரியை டிரைவரோடு ஒருமுறை, டிரைவர் இல்லாமல் ஒருமுறை எடைமேடையில் ஏற்றி, டிரைவரின் எடையைக் கண்டுபிடிக்கப் பார்ப்பதைப் போன்றது இது. நாற்பதாயிரம், எண்பதாயிரம் என்ற பெரிய எண்களைக் கூட்டிக் கழித்து 121ஐப் பிடிக்கவேண்டும். மேடை கொஞ்சம் பிசகினாலும் டிரைவர் யானையாகிவிடுவார்.

மருந்து இரண்டு. சமன்பாட்டின் மேல் வலச் சொடுக்கி, எண் வடிவத்தில் எட்டுப் பத்து தசம இடங்கள் கேட்கலாம். அதைவிட நல்லது, லாரியையே இறக்கிவிடுவது: 1951ஐப் பூஜ்யமாக வைத்து ஆண்டுகளை எண்ணுவது. வளைவு மாறாது, சமன்பாடு மாறும். வர்க்கத்தின் பெருக்கெண் இப்போதும் அதே 0.0113தான். ஆனால் 2011 வெறும் 60 ஆகிவிட்டதால், விடை 122.

இன்னொரு பொறியும் உண்டு. சிதறல் வரைபடத்துக்குப் பதில் கோட்டு வரைபடத்தைத் தேர்ந்தால், ஆண்டுகள் வெறும் பெயர்ப்பலகைகள். உள்ளே ஓடுவது 1, 2, 3 என்ற வரிசை எண். அந்தச் சமன்பாட்டில் 2011ஐப் போட்டால் மக்கள்தொகை 45 லட்சம் கோடியைத் தாண்டும்!

எனவே எந்தச் சமன்பாட்டையும் எதிர்காலத்துக்கு அனுப்புமுன், விடை தெரிந்த ஓர் ஆண்டைக் கொடுத்துச் சோதியுங்கள். 2011இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையே சொல்லத் தெரியாதது, 2041ஐப் பற்றி என்ன சொல்லிவிடும்?