இறைவன் திருமுன் தாழ்ச்சி

கொழும்பு மாநகரின் பொரளைப் பகுதியிலே கனத்தை என வழங்கும் பொது மயானம் உளது. பல இனத்தாருக்கும் பல சமயத்தாருக்கும் அது இறுதி உறைவிடம். சலவைக்கல் பதித்த கல்லறைகளும் பெயர் மங்கிய கல்லறைகளும் அங்கே அயலயலே கிடக்கின்றன. மேலே எழுப்பிய கல்லில் வேற்றுமை உண்டு. கீழேயுள்ள மண்ணில் வேற்றுமை இல்லை.

தாழ்ச்சியைப் பற்றிய விவிலியப் போதனை இம்மண்ணிலிருந்தே தொடங்குகின்றது. ஆதாம் என்னும் பெயர், நிலத்தைக் குறிக்கும் 'அதமா' என்ற எபிரேயச் சொல்லோடு தொடர்புடையது. தாழ்ச்சியைக் குறிக்கும் 'ஹூமிலித்தாஸ்' என்ற இலத்தீன் சொல்லும், மண் எனப் பொருள்படும் 'ஹூமுஸ்' என்பதோடு வேர் ஒன்றியதே. மனிதன் மண்ணால் ஆனவன். இறைவன் ஊதிய உயிர்மூச்சால் வாழ்பவன். இவ்விரண்டையும் ஒருசேர உணர்வதே தாழ்ச்சி. முன்னதை மறப்பவன் செருக்கடைகின்றான். பின்னதை மறப்பவன் தன்னைத் தானே இழிவுபடுத்துகின்றான். ஆதலால், எதற்கும் உதவாதவன் எனத் தன்னை ஓயாது நொந்துகொள்வது தாழ்ச்சி ஆகாது.

செருக்கு எங்கே பிறக்கின்றது? செல்வத்திலும் அதிகாரத்திலும் என்பது எளிய விடை. பாபிலோனை ஆண்ட நெபுகாத்நேச்சார், அம்மாநகர் தன் ஆற்றலால் ஆனதென இறுமாந்து, அறிவு பிறழ்ந்து மாடுபோற் புல் மேய்ந்தான் என்று தானியேல் ஆகமம் கூறும். இயேசு பெருமானோ எளிதிற் புலப்படாத வேறோர் இடத்தைச் சுட்டுகின்றார். லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்து உவமையில் இருவர் வேண்டுதல் செய்ய ஆலயம் செல்கின்றனர். பரிசேயன் வாரத்தில் இருமுறை நோன்பிருப்பவன். வருவாயிற் பத்தில் ஒரு பங்கு கொடுப்பவன். அவன் தன் நோன்பைப் பற்றியோ கொடையைப் பற்றியோ பொய் உரைத்ததாக உவமை கூறவில்லை. ஆயினும், இறைவனை நோக்கி நிற்கவேண்டியவன், தொலைவில் நின்ற ஆயக்காரனோடு தன்னை ஒப்பிட்டு நின்றான். ஆயக்காரனோ வானத்தை நோக்கவும் துணியாது, மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் வேண்டினான். அவனே இறைவனுக்கு ஏற்புடையவனாய் வீடு திரும்பினான். நற்செயலும் செருக்குக்கு ஏணியாகும் என்பதே இவ்வுவமையின் எச்சரிக்கை. பாவத்தை விடுதல் அரிது. தன் புண்ணியத்தை மறத்தல் அதனினும் அரிது.

அவ்வரிய நெறியில் நடந்த ஒருவரை இலங்கை நன்கறியும். யோசப் வாஸ் அடிகளார் 1651இல் கோவாவிலே கொங்கணிப் பிராமணக் குடும்பத்திற் பிறந்தவர், கற்றவர், குருத்துவம் பெற்றவர். அந்நாளில் இலங்கைக் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்தனர். 1687இல் அடிகளார் கூலியாளின் உடையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்; பிச்சை ஏற்று உண்டார். காவலர் கண்ணுக்கு அது மாறுவேடம். ஆனால், ஏழையர் வாசலிற் கையேந்தி நிற்பவரிடம் குலப்பெருமை நிலைத்திருப்பது எங்ஙனம்?

1692இல் கண்டியில் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். 1697இல் அந்நகரைப் பெரியம்மை வாட்டியது. சுற்றத்தாரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவர் சமய வேறுபாடு பாராது அவர்களைப் பேணினார். பின்னர் ஆயர் பதவி தேடி வந்தபோது அதனை ஏற்க மறுத்து, எளிய குருவாகவே பணிபுரிந்து, 1711இல் கண்டியிற் காலமானார். ஒல்லாந்தர் காலத்தில் குருவென வெளிப்பட நடமாட இயலாதிருந்த கொழும்பிலேயே, 2015 சனவரி 14ஆம் நாள், காலிமுகத் திடலில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பதவியைத் துறப்பதிலும் ஒருவன் புகழ் தேடக்கூடும். எனவே, துறவு ஒன்றே தாழ்ச்சிக்குச் சான்றாகாது. பிறர் துயரைக் கண்டவிடத்துத் தன் தகுதியைப் பற்றிய கணக்கு மறந்துபோவதே சான்று. பரிசேயன் அக்கணக்கை ஆலயத்துள்ளும் சுமந்து சென்றான். அம்மை நோயாளியின் பாயருகே அமர்ந்தவருக்கோ அதனை எண்ணிப் பார்க்கவும் பொழுது வாய்த்திராது.