குடிகளின் கலகமும் ஆடுவோர் சலிப்பும்

கணிப்பொறியில் ஆடப்பெறும் வியூக விளையாட்டுகளைப் பற்றித் தமிழாராய்ச்சி இதழொன்றில் எழுதுவது சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். அவ்வியப்பை யாம் குறையென்று கருதவில்லை. எனினும், ஓர் அரசனைப் படைத்து, அவனுக்கு நாடும் படையும் குடிகளும் அமைத்துக்கொடுத்து, அவன் ஆட்சி நன்றா தீதா என்று முடிவுகட்டும் படைப்பு எதுவாயினும், அது புறத்திணை பயில்வோர் ஆராய்தற்கு உரியதே. நம் முதுகலை மாணவருள் இவற்றை ஆடுவோர் உளர். ஆடிவிட்டு அவர்கள் கூறும் குறையும் பெரும்பாலும் ஒன்றாகவே உள்ளது. பகைவரை வெல்லுதல் எளிது. வென்ற நகரத்தாரை அமைதியாக வைத்திருத்தலே தாங்கொணாத் தொல்லை என்பதே அக்குறை. அஃது எதனால் எழுகின்றது, அதனை எம்மெய்ப்பாட்டின்பாற் படுத்துவது என்னும் இரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இவ்விளையாட்டுகளில் 'அன்ரெஸ்ட்', 'ரெபெல்லியன்' என இரு சொற்கள் அடிக்கடி வரும். முன்னதனை அமைதியின்மை எனப் பெயர்த்தல் பொருந்தும். பின்னதற்குக் கிளர்ச்சி, கலகம், புரட்சி என மூன்று சொற்கள் உள. கிளர்ச்சி என்பது எழுவோர் பக்கம் நின்று கூறுவது. கலகம் என்பது ஆள்வோர் பக்கம் நின்று கூறுவது. புரட்சியோ பெரும்பாலும் எழுந்தோர் வென்ற பின்னர் இடப்பெறும் பெயர். விளையாட்டில் ஆடுவோன் என்றும் ஆள்வோனாகவே இருத்தலின், யாம் கலகம் என்னும் சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கின்றோம். சொல்லைத் தெரிந்தெடுக்கும்போதே ஒரு சார்பு புகுந்துவிடுகின்றது என்பதைப் படிப்போர் உளங்கொள்வாராக.

இவ்வகை விளையாட்டுகளுக்கு வழிகாட்டியாய் நின்றவற்றுள் ஒன்று சிட் மெயரும் புரூசு செல்லியும் அமைத்து 1991-இல் வெளிவந்த 'சிவிலைசேசன்'. இதில் நகரத்து மக்கள் மகிழ்வோர், அமைந்தோர், மகிழாதோர் என மூவகையர். மகிழாதோர் தொகை மகிழ்வோர் தொகையை விஞ்சுமாயின் நகரில் கலகம் எழும், தொழில் நிற்கும், வரி வாராது. கோயில், அரங்கம், அங்காடி ஆகியவற்றைக் கட்டியும், உழுதொழிலிலிருந்து சிலரை விலக்கிக் களியாட்டுவோராக்கியும், வரிப்பணத்தில் ஒரு பகுதியை இன்பப் பொருள்களுக்கு ஒதுக்கியும் அதனைத் தணிக்கலாம். இவ்வளவில் இடர் ஒன்றுமில்லை. ஆனால் மகிழாமைக்குக் காரணம் யாது எனின், நகரம் வளர்தலே காரணம். குறித்த ஓர் எண்ணிக்கைக்கு மேல் பிறக்கும் ஒவ்வொருவரும் மனக்குறையோடே பிறக்கின்றனர். விளையாட்டின் கடினநிலை உயர உயர இவ்வெண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். முப்பது நாற்பது நகரங்களை உடைய ஆடுவோன், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நகரின் பட்டியலையும் திறந்து, யாரோ ஒருவரை வயலினின்று எடுத்து அரங்கில் இருத்தல் வேண்டும். அரசியல் என்பது ஈண்டுக் கணக்கெழுதும் வேலையாகச் சுருங்கிவிடுகின்றது.

இக்குறையை அமைத்தோரும் உணர்ந்தனர் போலும். 2005-இல் வந்த நான்காம் 'சிவிலைசேசன்' நகர் முழுதும் நின்றுபோகும் கலகத்தை விலக்கிவிட்டது. மகிழாதோர் மட்டும் உண்டு, உழையாது இருப்பர். 2010-இல் வந்த ஐந்தாவதோ நகர்தோறும் இருந்த கணக்கை நாடு முழுமைக்கும் ஓர் எண்ணாகத் தொகுத்துவிட்டது. இவற்றுள் நான்காவதன் முறையே எமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது. பிழை சிறிதாயின் இழப்பும் சிறிதாதல் அதன் நன்மை. ஐந்தாவதில் புதிதாய் நிறுவிய ஒரு சிற்றூர், தொலைவிலுள்ள தலைநகரத்தார் மனத்தையும் கெடுக்கும். இதனை எவ்வகை அரசியல் நூலும் ஒப்பாது.

இனி, சலிப்பின் முழு உருவத்தையும் காணல் வேண்டின், 'கிரியேட்டிவ் அசெம்பிளி' 2004-இல் அமைத்த 'ரோம்: டோட்டல் வார்' என்பதனை நோக்குதல் வேண்டும். கி.மு. 270-இல் தொடங்கும் இவ்விளையாட்டில் ஆண்டுக்குக் கோடை, குளிர் என இரண்டு முறைகள். ஒவ்வொரு நகருக்கும் பொது ஒழுங்கு என ஒரு விழுக்காடு உண்டு. படைக்காவல், நடுவரங்க ஆட்டங்கள், குறைந்த வரி, நல்ல ஆளுநர் முதலியன அதனை உயர்த்தும். மக்கள் நெருக்கத்தால் வரும் தூய்மைக்கேடு, தலைநகரிலிருந்து தொலைவு, பகைவர் கட்டிய கட்டடங்களால் வரும் பண்பாட்டு வேற்றுமை ஆகியன அதனைத் தாழ்த்தும். விழுக்காடு மிகத் தாழின் முதலில் குழப்பமும், பின்னர்க் கலகமும் எழும், காவற்படை வெளியே துரத்தப்பெறும், நகர் கைநழுவும்.

யாம் ஜூலியக் குடியை மேற்கொண்டு ஆடிய ஓர் ஆட்டத்தில் கார்த்தேச்சு நகரை வென்றோம். ஜூலியர் தலைநகர் இத்தாலியிலுள்ள அர்ரேத்தியம், இடையே கடல். நகரை வெல்லுதற்குச் சென்ற காலத்தினும் பன்மடங்கு காலம் அதனைக் காத்தற்குச் சென்றது. வரியைக் குறைத்தோம், போதவில்லை. சாக்கடையும் குளிப்பகமும் கட்டினோம். மக்கள் நலம் பெருகியது. நலம் பெருகவே மக்கள்தொகை பெருகியது. தொகை பெருகவே தூய்மைக்கேடு மீண்டும் ஏறியது. உழவுத் தொழிலை மேம்படுத்தினாலும் இஃதே முடிவு. எனவே, தேர்ந்த ஆடுவோர் புதியோர்க்குக் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, வயல்களை மிகுதியும் திருத்தாதே என்பது. நிலம் திருத்துதலும் நீர்நிலை பெருக்குதலும் வேந்தன் புகழாகப் பாடப்பெற்ற இலக்கியத்தைப் பயின்ற நமக்கு இது பெரிதும் விந்தையாக உள்ளது. உணவு பெருகினால் கலகம் பெருகும் என்னும் அரசியலை இவ்விளையாட்டு தன்னையறியாமலே கற்பிக்கின்றது.

படைக்காவலைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். காவலின் பயன் மறவரின் திறத்தைப் பொறுத்ததன்று, தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆதலின், போரில் ஒன்றுக்கும் உதவாத உழவர் படையை எடுத்து நகரில் நிறைத்துவைத்தலே சிக்கனமான வழி. உழவரைப் படைக்கு எடுக்கும்போது அவர்கள் நகரின் மக்கள்தொகையிலிருந்து கழிகின்றனர். அதுவும் ஆடுவோர்க்கு ஆக்கமே. நகரத்தாரில் ஒரு பகுதியினரைக் கொண்டே மறுபகுதியினரை அடக்குதல் என்னும் இவ்வுத்தி கொடிதாயினும், பேரரசுகள் பலவும் மேற்கொண்டதே.

இதனினும் கொடிது ஒன்று உண்டு. வென்ற நகரை என் செய்வது என விளையாட்டு மூன்று வழிகளைக் காட்டும். குடிகளை அவ்வாறே விட்டுக் கைக்கொள்ளல் ஒன்று. ஒரு பகுதியினரை அடிமையாக்கிப் பிற நகரங்களுக்குப் பகிர்ந்தளித்தல் மற்றொன்று. பெரும்பகுதியினரைக் கொன்றொழித்தல் இறுதியது. மூன்றாவதனால் பொருளும் கிடைக்கும். மக்கள்தொகை குறைதலின் நகரும் நெடுங்காலம் அடங்கியிருக்கும். தம் நகரிலேயே இப்பயனைப் பெற விழைந்த ஆடுவோர் ஒரு வழி கண்டனர். காவற்படையை வெளியேற்றி, வரியை உச்சத்துக்கு உயர்த்தி, வேண்டுமென்றே கலகத்தை மூட்டுவர்; நகர் கைநழுவியதும் வாயிலில் நிற்கும் படையைக் கொண்டு மீண்டும் வென்று, குடிகளைக் கொன்றொழிப்பர். பல ஆண்டுகள் நல்லாட்சி செய்து பெற இயலாத அமைதி இரண்டு முறைகளுள் கிடைத்துவிடும். யாமும் கார்த்தேச்சில் இறுதியில் இதனையே செய்தோம். செய்த அன்று எமக்குத் தோன்றியது இரக்கமன்று, தொல்லை தீர்ந்தது என்னும் அமைதியே. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அவ்வமைதிதான்.

ஆடுவோர் இச்சலிப்பைச் சினம் என்றே கூறுவர். அது சினமா? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வெகுளிக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொல்லுதல் ஆகியன அவை. மேற்கூறிய ஆட்டத்தில் இந்நான்கனுள் ஒன்றேனும் ஆடுவோனுக்கு நேர்ந்ததா? இல்லை. நான்கும் நகரத்தார்க்கு அவனால் நேர்ந்தன. எனவே வெகுளி இலக்கண முறைப்படி அக்குடிகளுக்கே உரியது. விளையாட்டோ அதனை அவர்களுக்கு வழங்காது, ஒரு விழுக்காட்டை மட்டும் வழங்கியது. ஆடுவோனுக்கு உரியதாக எஞ்சுவது இளிவரல். அதன் நிலைக்களன்களாகிய மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கனுள் வருத்தமும் மென்மையும் இங்குத் தெளிவாகப் பொருந்துகின்றன. முயன்று முயன்று பயன் காணாமையின் வருத்தமும், பேரரசன் எனப் பெயர் பெற்றும் ஒரு நகரத்தாரை நிறைவு செய்ய இயலாமையின் மென்மையும் கூடி நிற்கின்றன. இளிவரலைச் சினமெனப் பிறழ உணர்வதால்தான் கொன்றொழிக்கும் கட்டளையை அழுத்தும் கை தயங்குவதில்லை என்பது எம் கருத்து. இதனை மறுப்போர் இருத்தல் கூடும்.

பாரடாக்சு நிறுவனத்தார் 2013-இல் அமைத்த நான்காம் 'யூரோப்பா யூனிவர்சாலிசு' காரணங்களை இன்னும் விரிவாக எண்ணிக் காட்டும். புதிதாய் வென்ற நிலத்தார் பிரிவினை உணர்வோடு முப்பது ஆண்டுகள் இருப்பர். அவ்வுணர்வு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தணியும். சமய வேற்றுமை, போர்க்களைப்பு, அளவிறந்து நிலம் கவர்தல் ஆகியனவும் கணக்கில் சேரும். தன்னாட்சியைக் கூட்டிக் கொடுத்தால் அமைதியின்மை குறையும்; வருவாயும் குறையும். இஃது அறிவுக்குப் பொருந்திய அமைப்பே. எனினும் கலகப்படை எழும்போது செய்வதெல்லாம், படையை அங்கு ஓட்டி, வென்று, மீண்டும் பிறிதோரிடத்துக்கு ஓட்டுதலே. இவ்வேலையைப் படையே தானாகச் செய்துகொள்ளுமாறு ஒப்படைக்கும் கட்டளையும் இவ்விளையாட்டில் சேர்க்கப்பட்டுள்ளது. ஒரு செயலை ஆடுவோன் கையினின்று எடுத்து எந்திரத்துக்குக் கொடுத்தல், அச்செயலில் ஆட்டம் இல்லை என ஒப்புக்கொள்ளுதலேயாம்.

இதே நிறுவனத்தின் இரண்டாம் 'விக்டோரியா' (2010) வேறு வகையது. 1836 முதல் 1936 வரையுள்ள நூற்றாண்டைக் களமாகக் கொண்டது. மக்கள் தொழிலாலும் இனத்தாலும் சமயத்தாலும் வகுக்கப்பெற்று, வாழ்க்கைத் தேவை, அன்றாடத் தேவை, இன்பத் தேவை என மூன்று தேவைகளை உடையவர்களாய் அமைக்கப்பட்டுள்ளனர். கலகம் செய்வோர்க்கு இங்குக் குறிக்கோள் உண்டு. குடியாட்சி வேண்டுவோர் 'யாக்கோபியர்' எனப்படுவர். அவர்தம் சிறு படைகள் ஒரே நாளில் நாடெங்கும் எழுந்து ஆடுவோனை அலைக்கழிப்பதால், இவ்விளையாட்டைப் பழிப்போர் முதலில் எடுத்துக்காட்டுவது அவர்களையே. ஆயினும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. வாக்குரிமையோ அச்சுரிமையோ கூட்டம் கூடும் உரிமையோ வழங்க ஆடுவோன் தானே விரும்பினாலும், மேலவை இசையாவிடின் வழங்க இயலாது. தான் கொடுக்க நினைத்ததைக் கேட்டு எழுந்தவர்களையே தன் படையால் கொல்லும் நிலை அவனுக்கு நேர்கின்றது. இதுவும் தொல்லையே, ஆனால் பொருளுடைய தொல்லை. இங்கிலாந்தில் 1838-இல் மக்கள் பட்டயத்தை வெளியிட்ட சார்ட்டிசுட்டு இயக்கத்தார் 1839, 1842, 1848 ஆகிய ஆண்டுகளில் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்தனர், மூன்றும் ஏற்கப்படவில்லை. அவர்தம் ஆறு கோரிக்கைகளுள் ஆண்டுதோறும் பாராளுமன்றம் தேர்தல் என்பது ஒழிய ஏனைய ஐந்தும் பிற்காலத்தில் நடைமுறைக்கு வந்தன. இவ்வரலாற்றை அறிந்து ஆடுவோன், மேலவையின் மறுப்பைக் கண்டு அடையும் எரிச்சலில் அக்காலத்து உண்மை ஒன்றனை உணர்தல் கூடும். ரோம விளையாட்டின் தூய்மைக்கேட்டு எண் அத்தகைய எதனையும் உணர்த்துவதில்லை.

கலகக்காரனுக்கு முகம் கொடுத்த விளையாட்டுகளும் உள. 2012-இல் வந்த இரண்டாம் 'குருசேடர் கிங்சு' என்பதில் சிற்றரசர் கட்சி கட்டி வேந்தனுக்கு இறுதி எச்சரிக்கை விடுப்பர். இன்னான் இன்ன பட்டம் கிடையாமையால் மனம் வேறுபட்டான் என்பது வரை காட்டப்படும். மகட்கொடை, பரிசில், சிறை, சூழ்ச்சி எனப் பல வழிகள் திறந்துள்ளன. இதில் ஆடுவோர் சலிப்பைக் கூறுவதில்லை, கதை கூறுகின்றனர். உழவர் கலகம் மட்டும் இதிலும் பழையபடி முகமற்றதாகவே உள்ளது.

2001-இல் வெளிவந்த 'திராப்பிக்கோ' உழவனுக்கும் முகம் கொடுத்தது. கரீபியத் தீவொன்றன் தலைவனாக ஆடுவோன் அமர்கின்றான். தீவினர் ஒவ்வொருவருக்கும் பெயரும் குடும்பமும் தொழிலும் உண்டு. ஒருவர்மேல் சுட்டினால் அவர் உணவு, வீடு, மருத்துவம், சமயம், உரிமை ஆகியவற்றில் எவ்வளவு நிறைவுற்றிருக்கின்றார் என்பது தோன்றும். நிறைவுறாதோர் சிலர் ஒருநாள் வேலையை விட்டுக் காட்டுக்குள் சென்றுவிடுவர். பின்னர்ப் படைக்கலத்துடன் திரும்புவர். நேற்றுப் புகையிலைத் தோட்டத்தில் உழைத்தவனே இன்று அரண்மனையைத் தாக்குகின்றான். அவனைப் பிடிக்கவும் கொல்லவும் ஆடுவோனுக்கு இதிலும் கட்டளைகள் உண்டு. ஆனால் அவற்றை அழுத்துமுன், அவன் பெயரையும், அவன் வாழ்ந்த குடிசையையும், அங்கு எஞ்சியிருக்கும் மனைவியையும் கண்டுவிட்டிருக்கின்றோம்.