கொதிக்கும் பேரிங்குக்கு எந்தப் பூச்சு?

தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் கட்டிக் கிடக்கும் வள்ளம் ஒன்றின் டீசல் எஞ்சினைப் பிரித்தால், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் ஷெல் பேரிங்கின் உள்முகத்தில் பெரும்பாலும் கத்தி முனை பட்டாலே கீறல் விழும் மிருதுவான உலோகப் படலம் இருக்கும். ஊருக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டிய அனல்மின் நிலையத்திலும் இதே சங்கதிதான், அளவுதான் வேறு. அங்கே 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் டர்பைனுக்குள் நுழையும் நீராவி 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கிறது. இத்தகைய டர்பைன்களின் பேரிங்குக்கு உட்பூச்சாக இருக்கும் வெள்ளை உலோகமோ 240 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கிவிடும். அது பிழைத்திருப்பது தன் சாமர்த்தியத்தால் அல்ல. பேரிங்கை நீராவிக்கு வெளியே தள்ளி வைத்து, ஓயாமல் எண்ணெய் ஓட விடுகிறார்கள். முழு வேகத்தில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஆபத்தெல்லாம் கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான். வேகம் குறைந்தால் படலம் அறுந்துவிடும். அதனால் பெரிய டர்பைன்கள் பலவற்றில், சுழற்றுவதற்கு முன்பே அடியிலிருந்து உயர் அழுத்த எண்ணெயைச் செலுத்தி, டன் கணக்கில் கனக்கும் ஷாஃப்டை மயிரிழை உயரத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள்.

எண்ணெய்க்கே இடமில்லாத இயந்திரத்தில் என்ன செய்வது? சிறிய, அதிவேக வாயு டர்பைனில் பேரிங்கைச் சூட்டிலிருந்து தள்ளி வைக்க இடம் கிடையாது. அங்குள்ள வெப்பத்தில் எண்ணெய் கருகிப் பிசினாகிவிடும். அதற்காக வந்தது தகட்டுக் காற்று பேரிங். மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஷாஃப்ட் சுழல, அது இழுத்து வரும் காற்றே படலமாகித் தாங்குகிறது. பயணிகள் விமானங்களின் அறையைக் குளிர்விக்கும் இயந்திரங்களில் இது பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. காற்று எந்தச் சூட்டிலும் கருகாது. ஆனால் வேகம் ஏறும்வரை ஷாஃப்ட் தகட்டில் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். அந்தச் சில விநாடிகளுக்குத்தான் பூச்சு வேண்டும். குளிர்ந்து கிடக்கும் இயந்திரம் கிளம்பும்போதும் வேண்டும், 600 டிகிரியில் கொதிக்கும் இயந்திரம் நிற்கும்போதும் வேண்டும்.

இருப்பதிலேயே அதிகம் வழுக்கும் பொருளைப் பூசினால் தீர்ந்தது என்று தோன்றும். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. டெஃப்லானின் எல்லை 260 டிகிரி. மாலிப்டினம் டைசல்ஃபைடு வெற்றிடத்தில் அபாரமாக வழுக்கும், உராய்வு எண் 0.05-க்கும் கீழே, செயற்கைக்கோள்களின் பேரிங்குகளுக்கு அது உகந்தது. அதையே கடற்கரையின் ஈரக் காற்றில் வைத்தால் உராய்வு பல மடங்கு ஏறும். 400 டிகிரி வாக்கில் ஆக்சைடாக மாறி வீணாகும். திரேஸ்புரம் இருக்கும் அதே மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் 2024-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து மேலே போகும் பொருளுக்குப் பொருந்தும் பூச்சு, கீழே நிற்கும் இயந்திரத்துக்குப் பொருந்தாது. கிராஃபைட் நேர் எதிர்: ஈரம் இருந்தால்தான் அது வழுக்கும். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் பிரஷ்கள் வறண்ட காற்றில் பொடிப்பொடியாக உதிர்ந்ததற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவின் நாசா கிளென் ஆய்வு மையம் உருவாக்கிய பிஎஸ்304 இந்தச் சிக்கலை வேறு பக்கமிருந்து பிடித்தது. அது நான்கு பொருள்களின் கலவை: பிடிமானத்துக்கு 60 விழுக்காடு நிக்கல்-குரோமியம், கடினத்துக்கு 20 விழுக்காடு குரோமியம் ஆக்சைடு, வழுக்கலுக்கு 10 விழுக்காடு வெள்ளி, இன்னொரு 10 விழுக்காடு பேரியம், கால்சியம் புளோரைடுகள். பிளாஸ்மா சுடரில் உருக்கி ஷாஃப்டின் மேல் தெளித்து, பிறகு சாணை பிடித்து வழவழப்பாக்குவார்கள். குறைந்த சூட்டில் மிருதுவான வெள்ளி வேலை பார்க்கும். புளோரைடுகள் அப்போது கண்ணாடிபோல் நொறுங்கும் ரகம். சுமார் 500 டிகிரியில் அவை இளகி, ஷிப்ட் மாற்றுகிற மாதிரி வேலையை வாங்கிக்கொள்ளும். இதன் உராய்வு எண் சுமார் 0.3. அதாவது 10 கிலோவை நகர்த்த 3 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். வழுக்கும் பொருள் என்று சொல்லவே கூச்சமான எண்! ஆனாலும் இந்தப் பூச்சோடு காற்று பேரிங்குகள் சோதனையில் ஒரு லட்சம் முறைக்கு மேல் கிளம்பி நின்றிருக்கின்றன. குளிரிலும் கொதிப்பிலும் ஏறக்குறைய ஒரே 0.3 என்பதுதான் அதன் பலம்.

இவ்வளவு பாடு எதற்கு, சூடு தாங்கும் செராமிக்கிலேயே பேரிங் செய்யலாமே என்று கேட்கலாம். சிலிக்கான் நைட்ரைடு சூட்டைத் தாங்கும், மறுக்கவில்லை. எண்ணெயின்றி உரசினால் உராய்வு எண் 0.5-ஐத் தாண்டிவிடுகிறது. காந்தத்தில் மிதக்க விடலாம் என்றால், மின்சாரம் போகும் நேரத்துக்கென்று அங்கேயும் ஒரு துணை பேரிங் வேண்டும். அனல்மின் நிலையத்துக்கு எண்ணெயே சரி, அங்கே இந்தப் பூச்சைக் கொண்டுபோவது வீண் செலவு. பிஎஸ்304-இலும் குறை உண்டு: சூட்டில் அது சற்றே உப்பி அளவு மாறும். அதைச் சரிசெய்ய வந்த பிஎஸ்400-இல் வெள்ளியையும் புளோரைடுகளையும் பாதியாகக் குறைத்தார்கள். அளவு நிலைத்தது, ஆனால் முதலில் உயர் சூட்டில் ஓட்டிப் பழக்கி, மேலே ஒரு மெருகுப் படலம் படிந்த பிறகே குளிரிலும் அது சரியாக வேலை செய்கிறது.

உப்பளங்கள் சூழ்ந்த இந்தக் கரையில் இன்னொரு தொல்லையும் சேரும். காற்றோடு வாயு டர்பைனுக்குள் போகும் உப்பு, எரிபொருளின் கந்தகத்தோடு கூடி சோடியம் சல்பேட்டாகிறது. 884 டிகிரியில் உருகும் அந்த உப்பு, சூடான பாகங்களைக் காக்கும் ஆக்சைடுப் படலத்தையே அரித்துவிடும். குரோமியம் அதிகமுள்ள மேற்பரப்பு இதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். எனவே தூத்துக்குடியில் அப்படியொரு டர்பைனை நிறுவுபவர், பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போதே காற்று உறிஞ்சும் வாயில் உப்பை வடிக்கும் ஃபில்டருக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டியிருக்கும்.